இன்டேக் மேனிஃபோல்டையும் சிலிண்டர் ஹெட்டையும் போர்ட் மேட்ச் செய்தால் ஜிப்சியில் பவர் கூடுமா?

போர்ட் மேட்ச் என்றால், காற்றைக் கொண்டுவரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் வாயும், அது சேரும் சிலிண்டர் ஹெட்டின் காற்று வாயும் (போர்ட்) ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தும்படி கடைவது. கேள்வியில் உள்ள விவரம் இது: 1.3 லிட்டர், 16 வால்வு, எம்.பி.எஃப்.ஐ (இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும்) மாருதி ஜிப்சி. ஹெட் வேலைக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறது. "இன்டேக் போர்ட்டை ரெண்டு பக்கமும் கேஸ்கெட் அளவுக்குப் பெரிசு பண்ணித் தர்றேன், பிக்கப் அள்ளும்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

சேரும் இடத்தைச் சீராக்கச் சொல்லுங்கள், பெரிசாக்க மட்டும் விடாதீர்கள்.

கேஸ்கெட்டில் (இரண்டுக்கும் நடுவே வைக்கிற பேக்கிங்) இருக்கிற ஓட்டை போர்ட்டின் சரியான அளவு கிடையாது. எங்கேயும் கேஸ்கெட் விளிம்பு காற்றுப் பாதைக்குள் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் அதைக் கொஞ்சம் தாராளமாகத்தான் வெட்டுவார்கள். அந்தக் கோட்டைப் பிடித்து இரண்டு பக்கமும் கடைந்தால், பாதையின் நடுவில் ஒரு வயிறு விழும். காற்று அங்கே வந்ததும் வேகம் குறைந்து, அதைத் தாண்டியதும் மறுபடி வேகம் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த இழப்பை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 75.5 மி.மீ. 6000 ஆர்.பி.எம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.1 மீட்டர். போர்ட் வட்டமாக 34 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (உங்கள் ஹெட்டில் நீங்களே வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள்), அப்போது இன்டேக் ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் காற்றின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 71.5 மீட்டர் வரும். அதையே 36 ஆக்கினால் பரப்பு 12 சதவீதம் கூடி, வேகம் 64க்கு இறங்கிவிடும். வெறும் 2 மி.மீ.தானே என்று தோன்றும். ஜிப்சியை யாரும் 6000த்திலேயே ஓட்டுவதில்லை, மலை ஏறும்போது 2500, 3000த்தில்தான் இழுவை வேண்டும். அங்கே காற்றின் வேகம் ஏற்கெனவே பாதிதான். பிஸ்டன் கீழே போய்த் திரும்பிய பிறகும் காற்று தன் வேகத்திலேயே கொஞ்சம் சிலிண்டருக்குள் நுழைவதால்தான் நிரப்பம் நன்றாக இருக்கிறது, அந்த வேகத்தைக் குறைத்துவிட்டு பிக்கப் வரும் என்றால் எப்படி?

சரி, அப்போது மேட்ச் செய்வதில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது சேருமிடத்துப் படி (இரண்டு வாய்க்கும் உள்ள அளவு வித்தியாசம்) எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மேனிஃபோல்ட் வாய் பெரிதாகவும் ஹெட் வாய் சிறிதாகவும் இருந்தால், வருகிற காற்று ஹெட்டின் விளிம்பில் நேராக முட்டும், நிலைப்படியில் கால் இடிக்கிற மாதிரி. இதைக் கண்டிப்பாக எடுக்க வேண்டும். மாறாக, மேனிஃபோல்ட் அரை மி.மீ. சிறிதாகவும் ஹெட் பெரிதாகவும் இருந்தால் காற்று படியிலிருந்து இறங்கிப் போகிறது, பெரிய நஷ்டம் இல்லை. வால்வு ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் கொஞ்சம் திறந்திருக்கும்) நேரத்தில் திரும்பி வருகிற வாயுவை அது கொஞ்சம் தடுக்கவும் செய்யும் என்று சொல்லி வேண்டுமென்றே அப்படி விடுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் விட மோசம், கேஸ்கெட்டே உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது. அதற்கு கிரைண்டரே வேண்டாம், கூரான பிளேடு போதும்.

யூடியூபில் அமெரிக்க வி8 எஞ்சின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஹெட்டை ஃபேஸிங் பண்ணினால் (அடி முகத்தைச் சீவி மட்டமாக்கினால்) போர்ட் விலகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். வி8இல் மேனிஃபோல்ட் இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே உட்காருகிறது, ஹெட்டையோ பிளாக்கையோ சீவினால் ஹெட்டுகள் இரண்டும் கீழே இறங்கி நெருங்கிவரும், போர்ட் உண்மையிலேயே விலகும். நம்முடையது வரிசை நாலு சிலிண்டர், மேனிஃபோல்ட் ஹெட்டின் பக்கவாட்டில் தொங்குகிறது, ஹெட் இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு உள்ள பிரச்சினை ஸ்டட் ஓட்டை. மேனிஃபோல்ட் ஃபிளாஞ்சில் (ஹெட்டோடு சேரும் தட்டை விளிம்பு) உள்ள ஓட்டை, ஹெட்டிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பியான ஸ்டட்டை விடப் பெரிது, நட்டை முறுக்குவதற்கு முன்னால் மேனிஃபோல்ட் தன் கனத்தால் அந்த இடைவெளி அளவுக்குக் கீழே இறங்கி நிற்கும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் இடம் மாறினால், நீங்கள் கடைந்து மேட்ச் பண்ணியதெல்லாம் வீண். அதனால் கடைவதற்கு முன் கடைசியில் இருக்கும் இரண்டு ஸ்டட்டுகளுக்கு மெல்லிய ஸ்லீவ் கடைந்து போடச் சொல்லுங்கள், அல்லது ஃபிளாஞ்சில் சதை இருக்கிற இடத்தில் இரண்டு டவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் ஆணி). லேத் பட்டறையில் சின்ன வேலைதான். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான், ஆனால் இதைச் செய்யாமல் நேராக கிரைண்டரைக் கையில் எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் அச்சு எடுப்பது. பழைய மெக்கானிக்குகள் பேக்கிங் வெட்டுகிற முறையே போதும். கல்யாணப் பத்திரிகை அட்டை கனத்தில் ஒரு தாளை ஸ்டட்டுகளில் இறுக்கமாக மாட்டி, கிரீஸ் கையால் போர்ட் விளிம்பைத் தேய்த்தால் அச்சு விழும், அதை வெட்டுங்கள். எந்த முகம் ஹெட்டைப் பார்த்தது என்று எழுதி வையுங்கள், மேனிஃபோல்டில் வைக்கும்போது மறு முகம்தான் ஃபிளாஞ்சைத் தொட வேண்டும், இல்லையென்றால் அச்சு கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும். மார்க்கிங் ப்ளூ பூசி, ஸ்கிரைபரால் கோடு போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, உள்ளே நீட்டுகிற இடத்தை மட்டும் எடுங்கள். விளிம்பில் மட்டும் கடைந்து நிறுத்தாமல் உள்ளே 20, 25 மி.மீ. வரை சரிவாகக் கரைத்துவிட வேண்டும். அலுமினியத்துக்கென்றே உள்ள, பல் இடைவெளி அகலமான கார்பைட் பர் (கிரைண்டரில் மாட்டிக் கடையும் முனை) வாங்குங்கள், அதில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டால் பிசிறு ஒட்டாது. கடைசியில் 80 நம்பர் எமரியோடு நிறுத்தலாம், இன்டேக்கில் கண்ணாடி மாதிரி பாலீஷ் போடுவது பார்க்க அழகு, அவ்வளவுதான்.

பவர் எவ்வளவு கூடும் என்றால், ஸ்டாக் கேம், ஸ்டாக் த்ராட்டில் பாடி (கம்பெனியில் வந்த அதே பாகங்கள்) வைத்துக்கொண்டு இந்த வேலையை மட்டும் செய்தால் ஓட்டும்போது தெரிகிற அளவுக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். காற்றுக்கு உண்மையான நெருக்கடி வால்வு சீட்டுக்குச் சற்று மேலே, போர்ட் வளைந்து திரும்பும் உள்பக்கத்தில் இருக்கிறது, செலவு பண்ணுவதாக இருந்தால் நல்ல மூன்று கோண சீட் கட்டிங்குக்கு (வால்வு உட்காரும் விளிம்பை மூன்று சரிவாக வெட்டுவது) பண்ணுங்கள். போர்ட் மேட்சுக்காக மட்டும் யாராவது மேனிஃபோல்டைக் கழற்றினால் வேண்டாம் என்பேன், உங்களுடையது ஏற்கெனவே பிரித்துக் கிடக்கிறது, அதனால் செய்துவிடலாம்.

மாட்டுவதற்கு முன் ஹெட்டையும் மேனிஃபோல்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், அலுமினியத் தூள் ஒட்டினால் மறுபடி கழுவுங்கள். மாட்டிய பிறகு ஐடில் ஏறி இறங்கினால் முதலில் ஃபிளாஞ்சில் காற்று கசிகிறதா என்று பாருங்கள், ஓரம்வரை கடைந்து கேஸ்கெட் உட்காரும் முகத்தைக் குறுக்கிவிட்டால் முதலில் வருகிற கோளாறு அதுதான்.