மூணு தடவை உலக சாதனை பண்ண யூர்கன் ஹிங்சனுக்கு ஏன் ஒலிம்பிக் தங்கம் கிடைக்கல?

ஒரே வார்த்தைல சொல்லணும்னா, பிரிட்டன் வீரர் டேலி தாம்சன். 1958ல டூயிஸ்பர்க்ல பொறந்த ஹிங்சன் 2 மீட்டர் உயரம், 'ஜெர்மன் ஹெர்குலிஸ்'னு பேரு, 1982, 83, 84னு வருஷத்துக்கு ஒரு டெகாத்லான் (ரெண்டு நாள்ல பத்து ஈவென்ட், பாயின்ட் கூட்டி ஜெயிக்கிற போட்டி) உலக ரெக்கார்டு வச்சாரு. ஆனா பெரிய போட்டின்னு வந்தா தாம்சன் முதல், இவர் ரெண்டாவது, இதே கதைதான்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல ரெண்டாவது நாள் டிஸ்கஸ், ஹிங்சன் 50.82 மீட்டர் எறிஞ்சிட்டாரு, தாம்சனோட முதல் ரெண்டு எறியும் சொதப்பல், லீட் கைமாறப் போகுதுன்னு எல்லாரும் நினைக்கிறப்ப மனுஷன் கடைசி எறில 46.56 போட்டு தப்பிச்சிட்டாரு. அடுத்த போல் வால்ட்ல ஹிங்சனுக்கு உடம்பு முடியல, 4.50தான் தாண்டினாரு, தாம்சன் 5 மீட்டர். அங்கேயே மேட்ச் முடிஞ்சுது.

1988 சியோல் இன்னும் கொடுமைங்க. முதல் ஈவென்ட்டே 100 மீட்டர், அதுல மூணு தடவை ஃபால்ஸ் ஸ்டார்ட் (துப்பாக்கி வெடிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு), டிஸ்குவாலிஃபை. ரெண்டு தடவை ஆனப்புறமாவது கொஞ்சம் நிதானமா கிளம்பியிருக்கலாம், பத்து ஈவென்ட்ல அந்த நூலிழை நேரம் ஒரு விஷயமே இல்ல. கடுப்பு என்னன்னா அந்த தடவை தாம்சனே நாலாவதுதான் வந்தாரு, கிழக்கு ஜெர்மனி கிறிஸ்டியன் ஷெங்க் 8488 பாயின்ட்ல தங்கம் அடிச்சாரு.

மன்ஹைம்ல 1984ல ஹிங்சன் எடுத்த 8832 மட்டும் ஜெர்மன் ரெக்கார்டா 39 வருஷம் நின்னுச்சு, 2023லதான் லியோ நொய்கெபவர் 8836 எடுத்து உடைச்சாரு, அதுவும் நாலே பாயின்ட்ல.