பிரான்ஸின் அவிஞோன் நகரத்து டிஜிவி (அதிவேக ரயில்) நிலையத்திலிருந்து பழைய ஊரின் மதிலுக்குள் நடந்தே போகலாமா?

பெட்டியோடு நடக்க வேண்டாம். நீங்கள் டிக்கெட் எடுத்திருக்கும் டிஜிவி நிலையம் ஊருக்கு வெளியே, ஏறக்குறைய 4 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கிருந்து டிஇஆர் உள்ளூர் ரயிலில் ஏறி 'அவிஞோன் சென்டர்' நிலையத்துக்குப் போங்கள், ஐந்தாறு நிமிடம்தான். இதற்கு முன்பதிவு தேவையில்லை. வெளியே வந்து சாலையைக் கடந்தால் 14ஆம் நூற்றாண்டு மதில் எதிரேயே நிற்கும். ரெபுப்ளிக் வாசலில் நுழைந்து நேரே நடந்தால் மணிக்கூண்டுச் சதுக்கம், அப்புறம் போப் அரண்மனை.

பாரிஸ் வேக ரயில்கள் பெரும்பாலும் டிஜிவி நிலையத்தில்தான் நிற்கும். தேடியபோது அதனால்தான் அது முதலில் வந்திருக்கும். டிக்கெட்டை மாற்ற முடியுமென்றால், 'அவிஞோன் சென்டர்' என்றே போட்டு ஒருமுறை தேடிப் பாருங்கள். சில டிஜிவிகள் நேராக அங்கேயே வரும்.

இரவு வண்டி என்றால் மட்டும் கவனம்: கடைசி டிஇஆர் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பாருங்கள். தவறவிட்டால் டாக்ஸிதான்.