850 வெள்ளியா, 800 வெள்ளியா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் மூன்று வருடம் பீஸ் ரேட்டில் தைத்துவிட்டு, டைல்ஸ் வேலைக்கு சிங்கப்பூர் வந்திருக்கிறீர்கள். ஒரு வருட வேலை பெர்மிட் முடியப்போகிறது. இப்போது இருக்கும் கம்பெனி பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சாப்பாட்டுக்கு 150, லீவு போடாமல் வந்தால் 100, ஆக 850 தருகிறேன் என்கிறது. போடுகிற சதுர மீட்டருக்கு ஏற்ற இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) அதற்கு மேலே. இன்னொரு கம்பெனி பேசிக் 800, வேறு எதுவும் கிடையாது என்கிறது. "நன்றாக உழைக்கிறவனுக்குப் பழைய கம்பெனிதானே அண்ணே லாபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2003-இல் நானும் பெர்மிட்டில் வந்து டைல்ஸ் ஒட்டியவன்தான். அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் 850-ஐத்தான் காட்டியிருப்பேன். கணக்கு தெரியாததால் காட்டியிருப்பேன்.

இங்கே ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சம்பளம் பேசிக்கை வைத்துத்தான் போடப்படும். சாப்பாட்டுக் காசு, வருகைக் காசு, இன்சென்டிவ் எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது. பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும். அந்த 2,288 என்பது 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம். வருவதில் ஒன்றரை மடங்கு ஓ.டி. 600 பேசிக்குக்கு ஒரு மணி நேர ஓ.டி. 4 வெள்ளி 72 காசு. 800-க்கு 6 வெள்ளி 29 காசு. டைல்ஸ் வேலையில் மாதம் 60 மணி நேரம் ஓ.டி. சாதாரணம். அப்படிப் பார்த்தால் பழைய கம்பெனியில் 850-ம் 283-ம் சேர்ந்து 1,133. புதியதில் 800-ம் 378-ம் சேர்ந்து 1,178. மாதம் சுமார் 32 மணி நேர ஓ.டி.யைத் தாண்டிய உடனே 800 முந்திவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். ஆறு நாள் வேலைக் கணக்கில் 600 பேசிக்குக்கு அது 46 வெள்ளி, 800-க்கு 61 வெள்ளிக்கு மேல். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றிக் காட்டுகிற கம்பெனிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சட்டப்படி தப்பில்லை. ஆனால் உங்களுடைய மிகக் களைப்பான மணி நேரங்களை அது மலிவாக வாங்குகிறது. (ஓ.டி. மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் சட்டம். அதைத் தாண்டச் சொன்னால் அது வேறு பேச்சு.)

சரி, இன்சென்டிவுக்கு வருகிறேன். உங்கள் மனசு அங்கேதான் நிற்கிறது என்று தெரிகிறது.

திருப்பூரில் பீஸ் ரேட் உங்களுக்குக் கைகொடுத்திருக்கலாம். மெஷின் உங்களுடையது, வெட்டிய துணி கட்டுக்கட்டாகப் பக்கத்தில் வந்து விழும், கை வேகம்தான் காசு. கட்டுமான சைட் அப்படி இல்லை. டைல்ஸ் வந்திருக்காது. வந்தால் அதை மேலே ஏற்றுகிற ஹாய்ஸ்ட் கிடைக்காது. ஹாய்ஸ்ட் கிடைத்தால் குளியலறையில் வாட்டர்புரூஃபிங் காய்ந்திருக்காது. எல்லாம் சரியான அன்று எலக்ட்ரிக்காரர் வந்து சுவரை உடைத்துக்கொண்டிருப்பார். மாதச் சம்பளத்தில் இந்தக் காத்திருப்பின் நஷ்டம் முதலாளி தலையில். சதுர மீட்டர் கணக்கு வந்த உடனே அது உங்கள் தலையில் இறங்கிவிடுகிறது. வேலையைச் சீராக ஏற்பாடு செய்யாத சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகாது.

2006 வாக்கில் நான் இருந்த சப்-கான் (துணை ஒப்பந்த) கம்பெனி இதைச் செய்தது. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். முதல் மாதம் பறந்தோம், ஒன்றரை மடங்கு வேலை. டைலின் முதுகு முழுக்கச் சிமெண்டு பூச நேரமில்லை, நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு கொத்து வைத்து அமுக்கிவிட்டுப் போனோம். மூன்றாவது மாதம் மெயின் கான் (பிரதான ஒப்பந்த கம்பெனி) ஆள் ஒரு கம்பியோடு வந்து ஒவ்வொரு டைலாகத் தட்டினார். வெற்றிடம் இருந்தால் சத்தமே வேறு மாதிரி கேட்கும், அதை மறைக்க முடியாது. இரண்டு மாடியை உடைத்து மறுபடி போட்டோம். மறு வேலைக்குச் சதுர மீட்டர் விலை கிடையாது. முதல் மாதம் வாங்கிய இன்சென்டிவ் மூன்றாவது மாதம் வியர்வையாகத் திரும்பிப் போனது.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த மூன்று மாதமும் யாரும் யாருக்கும் வேலை சொல்லித்தரவில்லை. புதுக்கோட்டைக்காரப் பெரியவர் ஒருவர், சரிவு பார்ப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். அதுவரை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டியவர், விலை வந்த பிறகு, "அப்புறம் பார்க்கலாம்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் காட்டுகிற ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு.

இப்போது நானே ஒன்பது ஆட்களை வைத்துச் சின்னதாக டைல்ஸ் சப்-கான் நடத்துகிறேன். முதலாளி பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. லெவி (வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டுகிற மாத வரி) கட்டி, டார்முக்கு (தொழிலாளர் விடுதி) வாடகை கட்டி, லாரி ஏற்றிக்கொண்டு போனால் நான்கு பேர் வரவில்லை என்றால் அன்றைய வேலை நாசம். அதனால் நானும் ஆரம்பத்தில் வருகைக் காசு 80 வெள்ளி வைத்தேன். ஒரு நாள் விட்டாலும் மொத்தமும் போய்விடும். என்ன நடந்தது? ஒரு பையன் காய்ச்சலோடு மூன்று நாள் வந்தான், நான்காவது நாள் லாரியிலேயே சுருண்டு படுத்துவிட்டான். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்க அவனுக்கு உரிமை இருந்தது. நான் வைத்த 80 வெள்ளி அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. இன்னொன்றையும் கவனித்தேன். மாதத்தின் முதல் வாரமே ஒரு நாள் விட்டவன், 80 போனது போனதுதான் என்று அந்த மாதம் இஷ்டத்துக்கு லீவு போட்டான்.

அடுத்த வருடம் அந்தக் காசைப் பேசிக்கோடு சேர்த்துவிட்டேன். எனக்கு ஓ.டி. செலவு கூடியது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஆட்கள் வராமல் நின்றது குறைந்தது. வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று யோசித்தால், சம்பளத் தேதி தவறுவதில்லை என்பதுதான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓ.டி. என்பது சட்டம். அதை ஒழுங்காகச் செய்வதற்கே இங்கே நல்ல பெயர் கிடைக்கிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடி முடிந்து, தட்டிப் பார்க்கிற சோதனையும் முடிந்த பிறகு ஒரு தொகையை ஒன்பது பேருக்கும் சமமாகப் பிரிக்கிறேன், சிமெண்டு கலக்குகிறவருக்கும் சேர்த்து. இதில் மூத்த ஆட்களுக்கு இன்னும் வருத்தம் உண்டு. "நானும் அவனும் ஒன்றா?" என்கிறார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளி போனஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஊரில் சட்டமே போனஸ் குறைந்தது 8.33 சதவீதம் என்று வைத்திருக்கிறது. அந்த நினைப்போடு இங்கே வரக் கூடாது. 13-ஆவது மாதச் சம்பளம் இங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. பி.எஃப். மாதிரி இருக்கிற சி.பி.எஃப்.பும் குடிமக்களுக்கும் பி.ஆர்.களுக்கும் (நிரந்தரவாசிகள்) மட்டும்தான், பெர்மிட்காரர்களுக்குக் கிடையாது. ஆக, மாதா மாதம் கையில் வருவதே உங்கள் முழுச் சம்பாத்தியம்.

அப்படியானால் சம்பளத்தை ஏற்றுவது எப்படி? என்னைக் கேட்டால் இன்சென்டிவை விட்டுவிட்டு ஸ்கில் டெஸ்ட்டைப் பிடியுங்கள். கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் தொழிலாளிக்குக் கம்பெனி மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறது. உயர்திறன் ஆள் ஆகிவிட்டால் 500. 2024 ஜனவரியிலிருந்து இதுதான் கணக்கு. நீங்கள் கோர்ட்ரேடோ மல்ட்டி ஸ்கில்லோ (உயர்திறன் ஆளாகப் பதிவதற்கான திட்டங்கள்) முடித்து மேலே ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அதில் பாதியைப் பேசிக்கில் ஏற்றச் சொல்லிக் கேட்பது பிச்சை ஆகாது. அதற்குச் சில வருட அனுபவம் வேண்டும், அதனால் இப்போதே எந்த கம்பெனி கோர்ஸுக்கு அனுப்பும் என்று பார்த்துச் சேருங்கள். புதிய கம்பெனியிடம் 800-ஐப் பற்றி இன்னொரு கேள்வி கேட்பதைவிட இதைக் கேளுங்கள்.

இனி உங்கள் முடிவு. முதலில் பழைய கம்பெனியிடமே, "அந்த 250-ஐப் பேசிக்கில் சேர்த்துத் தருவீர்களா?" என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சேர்த்தால் அங்கேயே இருங்கள், தெரிந்த டார்ம், தெரிந்த ஆட்கள். 250 வேண்டாம், 200 சேர்த்தால்கூட இரண்டு இடத்திலும் பேசிக் சமம்தான். முடியாது என்றால் புதிய இடம். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம், ஐ.பி.ஏ. கடிதத்தில் (பெர்மிட்டுக்கு முன் வருகிற ஒப்புதல் கடிதம்) பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும், தமிழிலும் தருவார்கள். அதில் போட்ட பேசிக்கை நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. அதனால் படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஒரு நோட்டு வாங்கி, தினமும் எத்தனை மணிக்கு வேலை ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதுங்கள். பேஸ்லிப்பில் (சம்பளச் சீட்டு) ஓ.டி. மணி நேரம் தனியாகப் போட வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் முதலில் ஆபீஸில் கேளுங்கள், பாதிக்கு மேல் கணக்குத் தப்புதான். திருத்த மாட்டோம் என்றால் எம்.ஓ.எம். (மனிதவள அமைச்சு) பக்கம் போகலாம். வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு மதியம் நான் தேக்காவில்தான் (லிட்டில் இந்தியா) இருப்பேன். இரண்டு கம்பெனிக் கடிதத்தையும், கடைசி மூன்று மாதப் பேஸ்லிப்பையும் எடுத்து வாருங்கள். உங்கள் ஓ.டி. நிஜமாகவே 60 மணி நேரம்தானா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். 30-க்குக் கீழே இருந்தால் நான் மேலே சொன்னது தலைகீழாகிவிடும்.