கேமரன் மலையில் ஜெனரேட்டர் திணறுகிறதா? ஜெட்டில் கை வைக்காதீர்கள்

பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்களிடம் 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் இருக்கிறது, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வாங்கியது. கீழே ஊரில் ரைஸ் குக்கர், சின்ன கெட்டில், நாலு விளக்கு எல்லாம் ஒன்றாகப் போட்டாலும் அசையாது. பள்ளி விடுமுறையில் கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கம் கூடாரம் போட்டோம். குக்கர் ஓடும்போது கெட்டிலைத் தட்டியதும் திணறி, கரும்புகை விட்டு நின்றுவிட்டது. கார்புரேட்டரில் ஜெட் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?”

மாற்ற வேண்டாம் தம்பி. ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளை போட்ட திருகு. மெஷின் கெட்டுப்போகவும் இல்லை, மேலே காற்று மெலிந்துவிட்டது, அவ்வளவுதான். பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஏறக்குறைய 86 விழுக்காடுதான். எஞ்சின் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் காற்று குறைவாக வருகிறது, ஆனால் ஜெட்டின் துளை கீழே இருந்த அதே துளை, அதனால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் முழுதாக எரியாமல் கரும்புகையாக வெளியே வருகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கிறது, எண்ணெயும் வேகமாகத் தீர்கிறது.

எவ்வளவு சக்தி போகும் என்று கேட்டால், 300 மீட்டருக்குச் சுமார் மூன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 2000 என்பது கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் உச்சம். தொடர்ந்து தருவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், இந்த அளவு மெஷின்களில் பெரும்பாலும் 1600. 1500 மீட்டரில் அதில் பதினேழு விழுக்காடு போனால் 1300 சொச்சம். ஜெட் மாற்றினாலும் இந்த இழப்பு இருக்கும், மாற்றாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆகவே 1200 வாட் என்று எண்ணிக்கொண்டு சாமான் ஏற்றுங்கள். இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள்: குக்கர் 700, சின்ன கெட்டில் 800, விளக்குக்கு ஒரு 50 என்றால் 1550. கீழே 1600-க்குள் அடங்கியது, மேலே அடங்கவில்லை. குக்கர் வேலை முடிந்த பிறகு கெட்டிலைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இன்னும் நல்லது, தண்ணீரை கேஸ் அடுப்பில் வைத்துவிடுவது. அப்புறம் அந்த ‘ஈக்கோ’ சுவிட்ச். குக்கர் போடுவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். ஈக்கோவில் எஞ்சின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பெரிய லோடு திடீரென்று விழுந்தால், மேலே அது எழுந்து பிடிப்பதற்குள் அடங்கிவிடும்.

ஜெட் விஷயம். சின்னத் துளை ஜெட் என்பது உயரத்திலேயே எப்போதும் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு. பல கையேடுகளில் 1500 மீட்டருக்கு மேல் என்று இருக்கும், சில புது மாடல்களில் அதைவிடக் குறைவாகவும் போட்டிருப்பார்கள், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்காக மாற்றிவிட்டு, இறங்கியதும் மறந்துபோய் அப்படியே திருவிழாவுக்கு ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், வால்வும் பிஸ்டனும் கருகும். மேலே புகை விட்ட மெஷினைக் கீழே காப்பாற்றலாம், இப்படிக் கருகியதைக் காப்பாற்றுவது கஷ்டம். ரோன் 97 பெட்ரோல் அடித்தால் சரியாகிவிடும் என்றும் யாராவது சொல்வார்கள். சரியாகாது. உயரத்தில் ஆக்டேன் (அந்த ரோன் எண்) தேவை குறையத்தான் செய்யும், ரோன் 95 தாராளமாகப் போதும்.

நின்றுபோனதற்கெல்லாம் உயரமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பயணத்துக்காக மூடியிருப்பீர்கள், அதைத் திறக்க மறந்தால் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். சரிவான இடத்தில் வைத்தாலும் ஆயில் சென்சார் ஆயில் இல்லை என்று எண்ணி எஞ்சினை நிறுத்திவிடும். மட்டமான இடம் பார்த்து வையுங்கள். பெட்ரோல் கேனையும் மேலே போனதும் படக்கென்று திறக்காதீர்கள், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேன் உப்பியிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் காற்றை விடுங்கள்.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். கரும்புகை விடும் எஞ்சின், நன்றாக எரியும் எஞ்சினைவிட அதிகமாக கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேமரனில் சாயங்காலம் மழை பிடித்தால் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வரும்: ஜெனரேட்டரைத் தார்ப்பாய்க்குள் இழுத்து வைப்பது, அல்லது கூடாரத்தின் முன்திரைக்குள் ஒதுக்குவது. செய்யவே செய்யாதீர்கள். கூடாரத்திலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாமல், காற்று உங்களிடமிருந்து அதை நோக்கிப் போகும் பக்கமாக வைத்து, புகைபோக்கி வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். நீண்ட வயர் வாங்கிக்கொள்ளுங்கள், வெளியில் போடுவதற்கான கனத்த வயர். மழை பெய்தால் நிறுத்திவிட்டு பேட்டரி விளக்கில் இருங்கள், தூங்கப் போகும்போது கட்டாயம் நிறுத்துங்கள்.

இன்னொன்று. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை அந்த வளைவுகளில் ஏறினால் பிள்ளைகள் வாந்தி எடுப்பது வழக்கம்தான். இரவில் ஒரு பிள்ளை தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் “வண்டியில் வந்தது, தூங்கினால் சரியாகும்” என்று படுக்க வைத்துவிடுவோம். மோனாக்சைடுக்கும் முதல் அறிகுறி இதே தலைவலியும் குமட்டலும்தான். ஜெனரேட்டர் ஓடிய இரவில் யாருக்காவது அப்படி இருந்தால், உடனே எல்லோரையும் வெளியே கொண்டு வந்து, மெஷினை நிறுத்தி, மருத்துவமனைக்குப் போங்கள். பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்று கூடாரத்துக்குள் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி மட்டும் என்றால் துடைத்துப் போட்டு ஓட்டுங்கள், கீழே கொஞ்ச நேரம் நல்ல லோடில் ஓடினால் புகை நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றை மறைக்கும் மூடி) முழுதாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் கார்புரேட்டரைப் பட்டறையில் பிரிக்க வேண்டும்.