நைட் ஷிப்ட் போறவங்க பகல்ல 8 மணி நேரம் தூங்கிட்டா போதாதா?

பகல்ல நல்லாதான் தூங்கறேன், அப்புறமும் ஏன் வயிறு உப்புசம், சுகர் வேற பார்டர்ல நிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. நானும் கிருஷ்ணகிரில இருந்து கம்பெனி பஸ் ஏறி ஓசூர் சிப்காட்டுக்கு 11 வருஷமா ஷிப்ட் போறவன்தான், அதனால இத படிச்சுட்டு சும்மா போக மனசு வரல.

தூக்கம் மட்டும்தான் கணக்குன்னா நீங்க சொல்றது சரி. ஆனா உடம்புக்குள்ள கடிகாரம் ஒண்ணு இல்லைங்க, ஏகப்பட்டது இருக்கு. மூளைல அரிசி மணி அளவுக்கு ஒரு இடம், சுமார் 20,000 நரம்பு செல்லு, அதுதான் மெயின், கண்ணுல படற வெளிச்சத்த வெச்சு டைம் செட் பண்ணிக்கும். அது போக கல்லீரல், கணையம், இதயம், தோல், மூட்டு குருத்தெலும்புன்னு கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் தனித்தனியா ஒரு கடிகாரம் ஓடுது. அந்த கடிகாரம் ஓடறது இப்படித்தான்: சில ஜீன் ஒரு புரதத்த செய்யும், அது சேர்ந்து சேர்ந்து ஒரு அளவு வந்ததும் அதே ஜீன நிறுத்திடும், புரதம் கரைஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கும், இந்த ஒரு சுத்து சுமார் 24 மணி நேரம். பழ ஈய வெச்சு இத கண்டுபிடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017ல நோபல் குடுத்தாங்க.

சில வருஷம் முன்னாடி நைட் ஷிப்ட்ல ஓவன் பக்கத்துல கை சுட்டுக்கிச்சு, எனக்கு சுகர் கிடையாது, ஆனாலும் ஆற ஒரு மாசம் ஆச்சு. அப்புறம்தான் இங்கிலாந்துல 2017ல வந்த ஒரு ஆய்வு கண்ணுல பட்டுச்சு, தீக்காயம் பட்ட 118 பேரோட ரெக்கார்ட பாத்திருக்காங்க, பகல்ல பட்ட காயம் சராசரியா 17 நாள்ல ஆறியிருக்கு, ராத்திரி பட்டது 28 நாள். காயத்த மூட ஓடி வர்ற தோல் செல்லு பகல்ல வேகமா நகருதாம், ராத்திரி மந்தம். என் கை அதனாலதான் லேட்டாச்சுன்னு ஒரு கேஸ வெச்சு சொல்ல மாட்டேன், ஆனா தோலுக்கு கூட நேரம் தெரியும்னு அன்னைக்குதான் எனக்கு உறைச்சது.

இப்ப உங்க வயித்துக்கு வரேன். மூளை கடிகாரம் வெளிச்சத்த பாக்குது, கல்லீரல் கடிகாரம் பெரும்பாலும் நீங்க எப்ப சாப்பிடறீங்கன்னு பாக்குது. ராத்திரி 2 மணிக்கு கேன்டீன்ல தட்டு நிறைய சாம்பார் சாதம் சாப்பிட்டா மூளை இது ராத்திரிங்குது, கல்லீரல் இது பகல்ங்குது, ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குது, இன்சுலினும் அந்த நேரத்துல சரியா வேலை செய்யாது. அமெரிக்கால 19 பேர நைட் ஷிப்ட் மாதிரியே முழிக்க வெச்சு பாத்தாங்க, ராத்திரியும் சாப்பிட்டவங்களுக்கு சர்க்கரை 6.4% ஏறிச்சு, பகல்ல மட்டும் சாப்பிட்டவங்களுக்கு ஏறல. சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு இது பெரிய விஷயமா பட்டுச்சு, ஏன்னா ஷிப்ட மாத்தறது நம்ம கைல இல்ல, தட்டு நம்ம கைல இருக்கு.

புற்றுநோய் பத்தியும் கேட்டிருந்தீங்க. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007லயே நைட் ஷிப்ட் வேலைய புற்றுநோய் வரவைக்க அனேகமா வாய்ப்பு இருக்கற லிஸ்ட்ல வெச்சது, 2019லயும் மாத்தல. போறவங்க எல்லாருக்கும் வரும்னு அதுக்கு அர்த்தம் கிடையாது, பயப்படாதீங்க.

நான் இப்ப நைட் ஷிப்ட் வாரத்துல சாயந்திரம் 7.30க்கு களியும் கீரை கடைசலும் சாப்பிட்டுதான் பஸ் ஏறறேன், நடுவுல தண்ணி, ரொம்ப பசிச்சா ஒரு டம்ளர் மோரு, மத்தது காலைல வீட்டுக்கு வந்துதான். "ராத்திரி பூரா வெறும் வயித்தோட மிஷின் முன்னாடி நிப்பியா"ன்னு அம்மா ரெண்டு வாரம் திட்டுச்சு, இப்ப அதுவே 7 மணிக்கெல்லாம் களி கிண்டி வெச்சிடுது. நெஞ்செரிச்சல் விட்டுப்போச்சு. ஆனா சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க டாக்டர கேக்காம இப்படி வயித்த காய போடாதீங்க, சுகர் டக்குனு இறங்கிடும்.

உங்களுக்கு பார்டர்ல இருக்குன்னீங்களே, அந்த ரத்தம் எந்த ஷிப்ட் வாரத்துல குடுத்தீங்க? அடுத்த தடவ டாக்டர்கிட்ட ரிப்போர்ட் காட்டறப்ப அதையும் சேர்த்து சொல்லுங்க.