டாட்ஜ் சிட்டியின் முதல் டிப்போ

அன்புள்ள ஐயா,

என் மகன் கான்சாஸில் வேலை பார்க்கிறான். மூன்று மாதம் அவனோடு இருந்துவிட்டு வந்தோம். டாட்ஜ் சிட்டியில்தான் சிகாகோ ரயில் ஏறினோம், நள்ளிரவு தாண்டிய நேரம். ஸ்டேஷன் பெரிய செங்கல் கட்டடம். சிறுவயதில் படித்த கௌபாய் காமிக்ஸில் ஒரு மரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும்தான் வரும். நான் பார்த்ததுதான் அந்த ஊரின் முதல் ஸ்டேஷனா? அதை ஏன் டிப்போ என்கிறார்கள்? இன்னொரு சந்தேகம். ‘எல்லைப்புற ஊர்’ என்று எழுதுகிறார்கள். நாட்டின் நட்டநடுவில் இருக்கும் ஊருக்கு எது எல்லை?

கே., திருச்சி

*

அன்புள்ள கே.,

எனக்குப் பிடித்தது உங்கள் மூன்றாவது கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதல் இரண்டையும் கடந்தே போகவேண்டியிருக்கிறது.

நீங்கள் பார்த்தது 1898இல் சாண்டா ஃபே ரயில்வே கட்டியது. ஸ்டேஷனும் ஹோட்டலும் ஒரே கட்டடம். ரயில் அந்த ஊருக்கு வந்தது அதற்கும் 26 வருடம் முன்பு, 1872 செப்டம்பரில். அப்போது டிப்போ என்று இருந்தது ஒரு சரக்குப் பெட்டிதான். ரயிலில் கோத்து இழுத்துப் போவார்களே, அதே மூடிய பெட்டி. அதற்குள் மேஜை போட்டு ஆபீஸ் நடத்தினார்கள். டிப்போ கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெட்டியை வைத்து வியாபாரம் தொடங்கிவிட்டது என்று, ஊரை நிறுவியவர்களில் ஒருவரான ராபர்ட் ரைட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். காமிக்ஸில் வரும் மரக் கொட்டகைகூட அன்று இல்லை.

கட்டடம் கட்ட ரயில்வேக்கு நேரமும் இல்லை. தண்டவாளத்தைக் கான்சாஸின் மேற்கு எல்லைவரை குறித்த கெடுவுக்குள் போட்டு முடித்தால் சுமார் 30 லட்சம் ஏக்கர் நிலம் மானியம். கெடு முடிய சில மாதங்களே இருந்தன. ஓட்டமும் நடையுமாக மேற்கே போய், 1872 டிசம்பர் கடைசியில் கொலராடோ எல்லையைத் தொட்டார்கள். வழியில் இருக்கும் ஊரில் நின்று ஸ்டேஷனை அழகாகக் கட்ட யாருக்கு மனம் வரும்?

ஊர் என்றேன். அதுவுமே சில மாதக் குழந்தைதான். கிழக்கே 5 மைலில் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ராணுவக் கோட்டை. அதன் எல்லைக்குள் சாராயம் விற்கத் தடை. 1872 ஜூனில் ஜார்ஜ் ஹூவர் என்பவர் அந்த எல்லை முடியும் இடத்தில் கூடாரம் அடித்து விஸ்கி விற்றார். ஆகஸ்டில் மனை பிரித்தார்கள். அடுத்த மாதம் ரயில்.

டிப்போ என்ற சொல்லுக்கு வருகிறேன். நமக்கு டிப்போ என்றால் பஸ் டிப்போ, டிம்பர் டிப்போ. பொருளைக் கொண்டுவந்து போட்டு வைக்கும் இடம். அமெரிக்கர்கள் ஸ்டேஷனுக்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். டாட்ஜ் சிட்டியைப் பொறுத்தவரை நம் பொருள்தான் சரியாகப் பொருந்துகிறது. அந்தப் பெட்டி பயணிகளுக்காக வந்ததில்லை, தோலுக்காக வந்தது.

பைசன் தோல். (காட்டெருமை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நம் மலைக்காடுகளில் நாம் அப்படி அழைப்பது வேறு விலங்கு.) 1870களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதப்படுத்தி, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வார்ப்பட்டை செய்யும் முறை வந்தது. கிழக்கே ஆலைகளுக்குத் தோல் வேண்டும். புல்வெளியில் லட்சக்கணக்கில் பைசன்கள் மேய்ந்தன. இரண்டுக்கும் நடுவில் இல்லாதிருந்தது ரயில் மட்டுமே. அது வந்ததும், தினமும் பல டஜன் பெட்டிகள் தோலும் இறைச்சியுமாகப் போயின, மாவும் தானியமுமாகத் திரும்பி வந்தன என்கிறார் ரைட். அவரே அந்த வியாபாரிதான். சார்லஸ் ராத்தோடு சேர்ந்து அவர் நடத்திய தோல் கிடங்கின் புகைப்படம் ஒன்று உண்டு. சுமார் 40,000 தோல்கள் அடுக்கியிருக்கும் குவியலின்மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அந்தப் படத்தை என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடிவதில்லை.

கோட்டையின் தளபதியாக இருந்த கர்னல் ரிச்சர்ட் டாட்ஜ் பிற்பாடு ரயில்வேயிடம் சரக்குக் கணக்கைக் கேட்டு வாங்கி வெளியிட்டார். முழு சாண்டா ஃபே தடத்துக்குமான கணக்கு அது. 1872இல் ஏற்றிய தோல் 1,65,721. 1873இல் 2,51,443. 1874இல் வெறும் 42,289. இதன் பக்கத்திலேயே எலும்புக் கணக்கும் இருக்கிறது. 1872இல் 11 லட்சம் பவுண்டு, 1874இல் 69 லட்சம் பவுண்டு. தோல் குறையக் குறைய எலும்பு ஏறுகிறது. உரித்துப்போட்ட உடல்கள் வெயிலில் காய்ந்து வெளுத்தபின், வறண்ட வருடங்களில் குடியானவர்கள் அவற்றைப் பொறுக்கி வண்டியில் கொண்டுவந்து தண்டவாளத்தோரம் கொட்டினார்கள். உரத்துக்கும் சர்க்கரையை வெளுக்கச் செய்யும் எலும்புக் கரிக்கும் போயிற்று. எலும்பும் தீர்ந்தபிறகுதான் காமிக்ஸில் வரும் டாட்ஜ் சிட்டி, டெக்சாஸ் மாடுகள், ஷெரீப், துப்பாக்கி எல்லாம் முழுவீச்சில் வருகின்றன என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் சில காலம் சேர்ந்தே நடந்தன. மாட்டு வியாபாரம் 1885இல், டெக்சாஸ் மாடுகளின் உண்ணிக் காய்ச்சலுக்குப் பயந்து மாநிலம் போட்ட தடையோடு முடிந்தது. அந்தக் கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி எல்லை. 1867இல் மெடிசின் லாட்ஜ் என்ற இடத்தில் கயோவா, கொமாஞ்சி, ஷையன், அரபஹோ என்ற பூர்வகுடி மக்களோடு அமெரிக்க அரசு ஒப்பந்தம் செய்தது. அவர்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு, ஆர்கன்சா ஆற்றுக்குத் தெற்கே வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு. எதுவரை? வேட்டைக்குப் போதுமான அளவு பைசன்கள் அங்கே மேயும்வரை. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

டாட்ஜ் சிட்டி அந்த ஆற்றின் வடகரையில் இருக்கிறது. வடக்கே மந்தைகள் தீர்ந்ததும் தோலுக்காகச் சுடும் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் ஆற்றைத் தாண்டினார்கள். 1874இல் டாட்ஜ் சிட்டி வியாபாரிகள் அவர்கள் பின்னாலேயே போய், டெக்சாஸில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் கடை போட்டார்கள். ஜூன் 27 அதிகாலை, கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கர் முதலானோர் தலைமையில் கொமாஞ்சிகளும் ஷையன்களும் கயோவாக்களும் அந்த இடத்தைத் தாக்கினார்கள். அது பெரும்போராக மூண்டது. அடுத்த வருடம் குவானா தன் மக்களோடு சரணடைந்தார். ஒப்பந்தத்தை யாரும் கிழித்துப்போட வேண்டியிருக்கவில்லை. அந்த ‘மேயும்வரை’ என்ற வரி, தோல் தோலாக ரயில் ஏறிப் போய்விட்டது. அதற்கு ரசீது எழுதிக்கொடுத்த ஆபீஸைத்தான் நீங்கள் முதல் ஸ்டேஷன் என்று கேட்டீர்கள்.

அடுத்த முறை மகனைப் பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். ஸ்டேஷன் வெளியே தரையில் இரண்டு சூரியக் கடிகாரங்கள் இருக்கும். அமெரிக்காவின் நேர மண்டலங்களில் இரண்டான மத்திய நேரமும் மலை நேரமும் ஒருகாலத்தில் அங்கேதான் பிரிந்தன, அதனால் ஒன்றுக்கொன்று ஒரு மணி வித்தியாசம். அதைப் பார்த்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டித் தெற்கே நடந்தால் ஆறு வரும். இப்போது பெரும்பாலும் தண்ணீர் இருப்பதில்லை, மணல்தான். நீங்கள் கேட்ட எல்லை அதுதான்.

அன்புடன்.