வழக்கும் நடக்கும், வியாபாரமும் நடக்கும்

வணக்கம் சார்,

கைப்பேசியின் உதிரிபாகங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், ஐபோனின் திரைகளை சாம்சங்கும் செய்து கொடுக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியால் ஒரு வாரமாக வீட்டில் எனக்குத் தலைகுனிவு. நான் ஆப்பிள் கட்சி, தம்பி சாம்சங் கட்சி, பத்து வருடச் சண்டை. "நீ தினமும் தேய்ச்சுக்கிட்டு இருக்கிறதே எங்க ஆளு செஞ்ச திரையைத்தான்" என்று சிரிக்கிறான்.

சரி, அது போகட்டும். நீதிமன்றத்தில் ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் வழியாகச் சரக்கு வாங்கி விற்றிருக்கிறார்கள் என்றால், அந்தப் பகையே நமக்காகப் போட்ட நாடகமா? கூகுளும் ஆப்பிளும்கூட இப்படித்தானா? இவர்கள் எதிரிகளா, கூட்டாளிகளா? நேராகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் தம்பிக்கு ஒரு பதில் கொடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் நான் சொல்லும் மற்றது எதுவும் உங்கள் காதில் ஏறாது. அவருடைய கேலக்ஸி போனின் மூளையாக இருக்கும் சிப் ஆர்ம் என்ற கட்டமைப்பில் ஓடுகிறது. அந்த ஆர்ம் நிறுவனத்தை 1990-ல் மூன்று கம்பெனிகள் சேர்ந்து தொடங்கின, ஏகார்ன், வி.எல்.எஸ்.ஐ., மூன்றாவது ஆப்பிள். ஆப்பிள் பின்னாளில் தன் பங்குகளை விற்றுவிட்டது என்பது உண்மைதான், ஆனால் அதைத் தம்பியிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

நாடகமா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஐபோனைக் காப்பியடித்துவிட்டது என்று ஆப்பிள் 2011 ஏப்ரலில் சாம்சங் மீது வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஜூரி சுமார் 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, பிறகு அந்தத் தொகை குறைந்தது, மறுவிசாரணை நடந்தது, வடிவமைப்புக் காப்புரிமைக்கு நஷ்டஈட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தது, 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது, அடுத்த மாதமே இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள். நிபந்தனைகள் வெளியே வரவில்லை. இடையில் மற்ற நாடுகளில் போட்ட வழக்குகளை 2014-லேயே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஏழு வருடம், கண்டம் விட்டுக் கண்டம் வக்கீல்கள். நாடகத்துக்கு யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

ஆனால் வழக்குப் போட்ட அந்த நாளில் நிலைமை என்ன தெரியுமா? ஐபோனின் சிப்பைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங்தான். 2007-ல் வந்த முதல் ஐபோனிலிருந்தே அப்படி. அதற்கும் முன்னால், 2005-லேயே, ஐபாட் நானோ என்ற பாட்டுக் கருவியின் காலத்தில் ஃப்ளாஷ் நினைவகத்துக்காக ஆப்பிள் ஐந்து கம்பெனிகளுக்கு மொத்தம் 125 கோடி டாலர் முன்பணம் கொடுக்க ஒப்பந்தம் போட்டது, அதில் ஒன்று சாம்சங். வழக்குப் போட்ட கையோடு, அப்போது ஆப்பிளின் செயல்பாட்டுத் தலைவராக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களிடம் பேசும்போது சொன்னதன் சாரம் இதுதான்: சாம்சங் எங்களுக்கு உதிரிபாகம் தரும் மதிப்புள்ள கம்பெனி, அந்த உறவு தொடரும், ஆனால் அவர்களுடைய மொபைல் பிரிவு எல்லை மீறிவிட்டது.

இதைத் தமிழில் விளக்கவே வேண்டாம். நமக்குப் பங்காளி என்று ஒரு சொல் இருக்கிறது. கூட்டாளி என்றும் அர்த்தம், சொத்து வழக்கில் எதிர்த்தரப்பு என்றும் அர்த்தம், பெரும்பாலும் ஒரே ஆள்.

சரி, பகை நிஜம் என்றால் ஏன் உடனே விட்டுவிட்டுப் போகவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. போன் சிப் என்பது இன்று இந்தக் கடையிலும் நாளை அந்தக் கடையிலும் வாங்கும் சாமான் கிடையாது. ஆப்பிள் வரைபடம் போடுகிறது, ஆனால் அந்த வரைபடம் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலையின் உற்பத்தி முறைக்கு ஏற்றபடி இழைக்கப்பட்டது. வேறு தொழிற்சாலைக்குப் போனால் அதே சிப்பின் உள்ளமைப்பை மறுபடி அடுக்க வேண்டும், சோதிக்க வேண்டும், ஒரு தகட்டில் எத்தனை நல்ல சிப் தேறுகிறது என்று பார்க்க வேண்டும், புதிய தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் செய்துதர இடம் காலியாக இருக்க வேண்டும். அந்த இடத்தை முன்கூட்டியே பதிவு செய்து பணமும் கட்ட வேண்டும். ஆப்பிள் 2014-ல்தான் ஏ8 சிப்பை தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்புக் கம்பெனிக்குக் கொண்டுபோக முடிந்தது. அடுத்த வருடம் ஏ9 வந்தபோது பாருங்கள், மறுபடியும் சாம்சங், கூடவே டி.எஸ்.எம்.சி.! ஒரே பெயர், ஒரே போன், ஆனால் சாம்சங் செய்த சிப் சுமார் 96 சதுர மில்லிமீட்டர், டி.எஸ்.எம்.சி. செய்தது 104.5. தங்கள் போனில் எது இருக்கிறது, யாருடையதில் பேட்டரி அதிக நேரம் நிற்கிறது என்று மக்கள் சோதனை போட்டுப் பார்த்தார்கள். 2016-ல் ஏ10 முதல் ஒரேயடியாக டி.எஸ்.எம்.சி. வழக்கு போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அப்பாடா, விட்டது தொல்லை என்று நினைத்தால், 2017-ல் ஐபோன் எக்ஸ். புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரை வேண்டும், அந்தத் தரத்தில், அத்தனை எண்ணிக்கையில் செய்துதர அப்போது இருந்தது சாம்சங் டிஸ்ப்ளேதான். வழக்கு இன்னும் முடியவில்லை. முன்வாசலில் வெளியேறியவர் பக்கவாசலில் கதவைத் தட்டுகிறார்.

அதனால் எதிரியா கூட்டாளியா என்று நான் பார்ப்பதில்லை. இந்த ஆள் இல்லாமல் போனால் மாற்று தேட எத்தனை வருடம் ஆகும், அதை மட்டும் பார்ப்பேன். சிப்புக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

மோடத்துக்கு, அதாவது போனை செல்பேசி வலையமைப்போடு இணைக்கும் சிப்புக்கு, இன்னும் அதிகம். குவால்காம் கதை எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குவால்காம் இரண்டு வழியில் சம்பாதிக்கும் கம்பெனி. மோடம் சிப் விற்கும், அது ஒரு பணம். செல்பேசித் தொழில்நுட்பத்தின் அடிப்படைக் காப்புரிமைகள் பல அதனிடம் இருப்பதால் உரிமத்துக்கு வேறு பணம் வாங்கும், அதுவும் போனின் விலையைப் பார்த்து. போன் விலை ஏற ஏற ராயல்டியும் ஏறினால் ஆப்பிளுக்கு எப்படி இருக்கும்? 2017 ஜனவரியில் வழக்குப் போட்டது. 2018-ல் வந்த புதிய ஐபோன்களில் இன்டெல் மோடம் மட்டும்தான். வீரமாகத்தான் இருந்தது, ஆனால் 5ஜி வந்துகொண்டிருந்தது, இன்டெலால் நேரத்துக்குச் செய்து முடிக்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 16, சான் டியேகோ நீதிமன்றத்தில் வக்கீல்கள் தொடக்க உரை நிகழ்த்திக்கொண்டிருக்கும்போதே சமாதானச் செய்தி வந்துவிட்டது. ஆறு வருட உரிமம், சிப் வாங்கும் ஒப்பந்தம், ஆப்பிள் ஒரு தொகையும் கட்டியது. அன்றைக்கே சில மணி நேரத்தில் இன்டெல், 5ஜி போன் மோடம் தொழிலைவிட்டுப் போகிறோம் என்று அறிவித்தது. நடுவில் நின்றவன் பாடு எப்போதும் இப்படித்தான்.

அந்த வருடமே இன்டெலின் அந்த மோடம் பிரிவை ஆப்பிள் 100 கோடி டாலருக்கு வாங்கியது. சொந்த மோடம் வைத்த முதல் ஐபோன், 16இ, வந்தது 2025 பிப்ரவரியில். ஏறக்குறைய ஆறு வருடம், உலகத்திலேயே பணம் அதிகம் வைத்திருக்கும் கம்பெனிகளில் ஒன்றுக்கு! இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மோடத்தைச் சொந்தமாகச் செய்தால் சிப் வாங்கும் செலவு போகும், ராயல்டி போகாது. அந்த அலைவரிசையில் பேச வேண்டுமென்றால் அந்தக் காப்புரிமைகளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும், சிப்பை யார் செய்தாலும்.

ஒரு கம்பெனியை ஒரு மனிதனாக நினைத்துக்கொண்டு இவனுக்கு ரோஷமே இல்லையா என்று கேட்கிறோம், அதுதான் நம்மைக் குழப்புகிறது. சாம்சங்கில் திரை செய்பவர்கள் ஒரு கணக்கு, சிப் செய்பவர்கள் ஒரு கணக்கு, போன் விற்பவர்கள் வேறு கணக்கு. 2023-ல் கேலக்ஸி எஸ்23 வரிசையில் தங்கள் வீட்டு எக்ஸினோஸ் சிப்பைத் தள்ளிவைத்துவிட்டு உலகம் முழுக்கக் குவால்காமின் ஸ்னாப்டிராகனையே வைத்தார்கள். அதே சமயம் கூகுள் தன் பிக்சல் போனுக்கான டென்சர் சிப்பை சாம்சங் தொழிற்சாலையில்தான் செய்துகொண்டிருந்தது. அதாவது அப்போது கேலக்ஸியோடு போட்டிபோட்ட பிக்சலின் சிப் சாம்சங் செய்தது, கேலக்ஸியின் சிப் குவால்காமுடையது, இரண்டிலும் ஓடும் ஆண்ட்ராய்டு கூகுளுடையது. இதில் ரோஷத்துக்கு எங்கே இடம்?

கூகுள், ஆப்பிள் பற்றிக் கேட்டீர்கள். அங்கே ஆரம்பத்தில் உறவு நெருக்கமாகவே இருந்தது. கூகுளின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி எரிக் ஷ்மிட் 2006 முதல் 2009 வரை ஆப்பிளின் இயக்குநர் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஆண்ட்ராய்டு வளர, உறவு கசந்தது. 2012-ல் ஆப்பிள், ஐபோனோடு வந்துகொண்டிருந்த கூகுள் வரைபடத்தைத் தூக்கிவிட்டுச் சொந்த வரைபடத்தைப் போட்டது. அந்த வரைபடத்தில் பாலங்கள் உருகி வழிந்தன, ஊர்கள் இடம் மாறின. டிம் குக் மன்னிப்புக் கடிதம் எழுதினார், அதில் நாங்கள் சரிசெய்யும்வரை மற்றவர்களின் வரைபடங்களைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி, கூகுளின் பெயரையும் சேர்த்திருந்தார். டிசம்பரில் கூகுள் வரைபடம் தனிச் செயலியாகத் திரும்பி வந்தது. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம், ஆனால் தன் சொந்த வரைபடத்தை ஆப்பிள் கைவிடவில்லை, வருடக்கணக்கில் செலவு செய்து தேற்றியது.

எல்லாச் சார்பும் இப்படி இரண்டு பக்கமும் கனமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இமேஜினேஷன் டெக்னாலஜீஸ் என்று ஒரு கம்பெனி, ஐபோன் சிப்பில் திரைக்காட்சிகளை வரையும் பகுதிக்கான வடிவமைப்பைக் கொடுத்துவந்தது. வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆப்பிளிடமிருந்து. 2017 ஏப்ரலில், இன்னும் இரண்டு வருடத்துக்குள் உங்கள் சரக்கு எங்களுக்கு வேண்டாம் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. ஒரே நாளில் பங்கின் விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, அந்த வருடமே கம்பெனி விற்பனைக்கு வந்து கைமாறியது. ஆப்பிளுக்கு மாற்று தயாராகிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு மாற்று வாடிக்கையாளர் இல்லை. அப்புறம் 2020-ல் இருவரும் புதிய உரிம ஒப்பந்தம் போட்டார்கள் என்பது தனிக் கதை. சீனாவின் ஹுவாவேயின் நிலை இன்னொரு மாதிரி, 2019-ல் அவர்களுக்கு கூகுள் சேவைகளையும் 2020-ல் டி.எஸ்.எம்.சி. சிப்பையும் நிறுத்தவைத்தது போட்டிக் கம்பெனி அல்ல, அமெரிக்க அரசு. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அவர்கள் போடும் சண்டை பொய்யோ என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அவர்கள் சத்தமே இல்லாமல் சமாதானமாக இருக்கும் இடங்களில்தான் சந்தேகம். ஆப்பிள் மோடத்துக்காகச் சண்டை போட்டது, வரைபடத்துக்காகச் சண்டை போட்டது. தேடுபொறிக்கு மட்டும் போடவில்லை, சொந்தமாக ஒன்று செய்து வெளியிடவும் இல்லை. ஏன் என்று அமெரிக்க அரசு கூகுள் மீது போட்ட ஏகபோக வழக்கில் தெரியவந்தது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் கூகுளே தானாக அமைந்திருக்கும் தேடுபொறியாக இருப்பதற்காக கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2022-ல் மட்டும் சுமார் 2000 கோடி டாலர். அந்தத் தேடல்களில் வரும் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் என்று கூகுள் தரப்புச் சாட்சியே வாய்தவறிச் சொல்லிவிட்டார். சும்மா இருப்பதற்கே இவ்வளவு கிடைக்கும்போது எவன் மெனக்கெடுவான்? நான் சொன்ன வருடக் கணக்கு இங்கே ஓடவே ஆரம்பிக்கவில்லை, ஏனென்றால் யாரும் மாற்று தேடவில்லை.

2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பளித்தார், இந்த மாதிரி ஒப்பந்தங்கள்தான் அதில் முக்கியம். 2025 செப்டம்பரில் பரிகாரம் என்ன என்று சொன்னபோது, வேறு யாரையும் சேர்க்கக் கூடாது என்கிற ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார். பணம் கொடுப்பதை மட்டும் தடுக்கவில்லை. அதை நிறுத்தினால் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் பெரிய அடி விழும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்படி வாங்கிக்கொண்டிருப்பவர்களில் ஆப்பிளும் உண்டு, சாம்சங்கும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நீங்களும் தம்பியும் ஒரே கட்சிதான், அவரிடம் சொல்லுங்கள்.

நான் எந்தப் போன் வைத்திருக்கிறேன் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.